மூட்டை மேல் ஏறிய வசந்தா அக்கா

ஊர் மக்களுக்கும் வாட்ஸ்அப் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு. கடந்த புதன்கிழமை காலை நமது நெல் கொள்முதல் நிலையக் குழுவில் 'இனிய காலை வணக்கம்' படம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக ஆறு மணிக்குத் தவறாமல் மலர்ந்த ரோஜா அன்று மலரவில்லை.

நான்தான் முதலில் கேலி செய்தேன். "ரோஜாவுக்கு இன்னிக்கு லீவா?" என்று எழுதி, கைதட்டும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். ஏழு மணிக்கு அப்பா வந்து சொன்னார்: தினமும் அந்த ரோஜாவை அனுப்பும் நிலையத்தின் பட்டியல் எழுத்தர் வசந்தா அக்கா விடியற்காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார். என் செய்தியை அழிப்பதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். அந்த நாற்பது பேருக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு நான்தான் தொழில்நுட்ப ஆலோசகர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நுட்பம் கொஞ்சம் இருந்தது. தொழில்தான் கிடையாது, பிளஸ் டூ படிக்கிறேன். பேனாவும் கார்பன் தாளுமாக இருபது வருடம் ரசீது எழுதியவர் கையில் போன சம்பாப் பருவத்தில் டேப்லெட்டைக் கொடுத்தார்கள். மேலிடத்துச் செய்திகளில் பாதி ஆங்கிலம், மீதி அவசரம். அக்கா அவற்றுக்குத் தானே பொருள் கண்டுபிடித்து வைத்திருந்தார். "பெண்டிங்னா தப்பு நம்ம மேல இல்ல. அப்டேட்னா மறுபடி மொதல்லேர்ந்து பண்ணு. அர்ஜென்ட்னா அவங்க மறந்துட்டாங்க." வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் காட்டிக்கொண்டதில்லை. யாரிடமானாலும் கேட்டுவிடுவார்.

அப்படித்தான் ஒரு நாள் என்னிடம் கேட்டார். "தம்பி, சாயங்காலம் டேட்டாவ சிங்க் பண்ணுங்கன்னு வந்திருக்கு. அப்படின்னா என்னப்பா?"

அன்றன்று பதிந்தது தலைமை அலுவலகத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு. "டேப்லெட்ட டவர் பக்கம் காட்டிக்கிட்டு உசரத்துல நிக்கணும்க்கா. கீழ நின்னு அழுத்துனா பாதிதான் போவும்."

"எவ்வளவு உசரம்?"

"மூட்டை அடுக்கு மேல ஏறுனா போதும்."

அக்காவுக்கு முழங்கால் வலி. இருந்தும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சுமை தூக்கும் அண்ணன் ஒருவர் கைகொடுக்க, பதினோரு நாள் சாயங்காலம் மூட்டைகளின் மேல் ஏறினார். டவர் இருக்கும் குடவாசல் பக்கம் திரும்பி, தீபாராதனை காட்டுவது போல டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்து நின்றார். நான் அதை வீடியோ எடுத்து, 'சிங்க் ஆகும் சிங்கம்' என்று பெயர் வைத்து ஸ்டேட்டஸில் போட்டேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

பன்னிரண்டாம் நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "எதுக்கும்மா அங்க ஏறி நிக்கிறீங்க?" என்றார். உண்மை தெரிந்து அக்கா இறங்கினார். என் பெயரைச் சொல்லவில்லை. அதிகாரி போன பிறகு என்னிடம் வந்து, "தெரியலன்னுதான தம்பி கேட்டேன்," என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அடுத்த வாரம் எங்கள் நெல்லின் முறை வந்தது. அப்பாவுக்கான இணையப் பதிவை என் போனிலேயே இரண்டு நிமிடத்தில் முடித்ததாகப் பெருமையடித்திருந்தேன். ஐந்து நாளாக நெல் களத்தில் குவிந்து கிடந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா டேப்லெட்டைப் பார்த்தார், வயல் விவரம் உள்ள அடங்கல் நகலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் வயலின் சர்வே எண் 141. நான் பதிந்திருந்தது 114. அதைத் திருத்தாமல் ஒரு மூட்டைகூட எடை போட முடியாது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அப்பா.

வரிசையில் இருபது பேர் நின்றார்கள், பெரும்பாலும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள். என்னை அங்கேயே சாய்க்க அக்காவுக்கு ஒரு வாக்கியம் போதும்.

"சர்வர் பிரச்சினைண்ணே. பெண்டிங்ல இருக்கு. படுதாவ நல்லா இழுத்துக் கட்டுங்க, நாளைக்கு மொத ஆளா போட்டுடலாம்."

சாப்பாட்டு நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த முழங்காலோடு நடந்தே போய்த் திருத்தி வாங்கி வந்தார். மறுநாள் எங்கள் கடைசி மூட்டை லாரியில் ஏறி அரை மணி நேரத்தில் மழை பிடித்தது.

சர்வர் பிரச்சினையை நான்தான் போனில் பேசித் தீர்த்தேன் என்று அன்று டீக்கடையில் அளந்தேன். அக்காவும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஆமா, தம்பிக்கு எல்லாம் தெரியும்," என்று மட்டும் சொன்னார். கிண்டலா, இல்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மன்னிப்புக் கேட்பதை நாளைக்கு, நாளைக்கு என்று பெண்டிங்கிலேயே வைத்திருந்தேன். அக்காவின் அகராதிப்படி பெண்டிங் என்றால் தப்பு நம் மேல் இல்லை. இந்த ஒன்றுக்கு அது பொருந்தாது.

எண்ணைத் திருத்தி வாங்கி வந்த அன்று சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டில் அவர் எழுதிக் கொடுத்தது என் போன் உறைக்குள் இருக்கிறது: "141. அடிச்சிட்டு ரெண்டு தடவ பாரு." அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வீடியோவை அழித்துவிட்டேன், உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து நீங்களும் அழித்துவிடுங்கள்.

அப்பா, நீங்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அன்றைக்கு சர்வர் நன்றாகத்தான் இருந்தது.