செத்த காந்தத்தின் சூடு

இயற்பியல் ஆய்வு மாணவியின் வேலை பாதி நேரம் தெர்மாமீட்டரைப் பார்ப்பது, மீதி நேரம் கைடு சாரின் முகத்தைப் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகாத நாளில் என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எம்.ஃபில். சேர்ந்து நொந்துபோன அக்கா தங்கைகளுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அணுக்கருக்கள் ஒன்றுசேரச் சூரியன் அளவுக்குச் சூடு வேண்டாம், மேசைமேல் ஒரு குடுவை போதும் என்று வெளிநாட்டில் யாரோ சொல்லப்போக, உலகம் முதலில் வியந்து, பிறகு சிரித்து ஓய்ந்திருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் சார் மட்டும் ஓயவில்லை. பொட்டாசியம் கார்பனேட் கரைத்த தண்ணீர், அதில் நிக்கல் கம்பி, கம்பிக்கு மின்சாரம். நிக்கல் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். ஆகவே வெளியே காந்தம் வைத்தால் உள்ளே ஹைட்ரஜன் நெருங்கி உட்கார்ந்து கூடுதல் சூடு கொடுக்கும் என்பது அவர் கட்சி. அந்தச் சூடு வந்தால்தான் என் ஆய்வேடு. ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் எனக்குப் பட்டம்.

மைக்செட் கடை

பெரிய வளையக் காந்தம் கிழிந்த ஒலிபெருக்கிகளின் பின்பக்கத்தில் கிடைக்கும். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மைக்செட் கடைக்குப் போனேன். "எதுக்குத் தாயி இம்புட்டு காந்தம்?" என்றார் கடைக்காரர். எதையும் அரைகுறையாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அணு, அணுக்கரு, இணைவு, அதில் வரும் ஆற்றல் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காந்தங்களைக் கழற்றிப் பழைய துணியில் கட்டிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெடிச்சிருச்சின்னா என் கடைப் பேரை மட்டும் சொல்லிராத தாயி."

மின்விசிறி

வளையங்களை உறைகிணறுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் குடுவையை இறக்கினோம். அதே மின்சாரம்தான், தெர்மாமீட்டர் மட்டும் வழக்கத்தைவிட ஏறி நின்றது. வளையங்களை எடுத்தால் இறங்கியது. சாருக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக் கருத்தரங்குக்குத் தலைப்பே கொடுத்துவிட்டார், என் பெயரையும் சேர்த்து.

என் கண் மேலே சுற்றிய விசிறிமேல் இருந்தது. வெறும் குடுவையை அதன் காற்று ஆற்றுகிறது. வளையத்துக்குள் போன குடுவைமேல் காற்றே படவில்லை. "மூடி வச்ச காப்பி ஆறாம இருக்கிறதுக்கும் அணுக்கருதான் காரணமா சார்?" என்று கேட்டேன். "கைடுகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றார். ஒரே ஒரு தடவை விசிறியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம், பொறவு வாயே திறக்கமாட்டேன் என்று மன்றாடினேன். ஆய்வுக்கூடத்தின் சாவி அவரிடம். அவர் இல்லாமல் அறை திறக்காது. சட்டைக் காலரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னார்: "விசிறியை நிறுத்தினா எனக்கு வேர்க்கும்மா."

பால்கோவா அடுப்பு

சரி, விசிறி ஓடட்டும், காந்தம் சாகட்டும் என்று முடிவெடுத்தேன். இந்த வகைக் காந்தத்தை நன்றாகக் காய்ச்சினால் காந்தசக்தி போய்விடும். உருவம் அப்படியே இருக்கும். செத்த வளையத்திலும் அதே சூடு வந்தால் அது காந்தத்தின் வேலை இல்லை. கூடத்துப் பர்னரில் காட்டியபோது முதல் வளையம் விரிசல் விட்டது. மெல்லக் காய்ந்து மெல்ல ஆறப் பெரிய விறகடுப்பு வேண்டும், அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். மடவார் வளாகம் பக்கம் என் தோழியின் சித்தி பால்கோவா கிண்டுகிறவர்.

கடைசிக் கடாய் இறங்கியதும் பாதிக் காந்தங்களைக் கங்குக்குள் புதைத்தோம். அடுப்பு தானாக ஆறும்வரை தொடவில்லை. சாம்பலைத் துடைத்து ஊக்கை வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்துச் சித்தி கரண்டியைக் கீழே வைத்தார்: "ஏட்டி, ஒங்க சாரு வாங்கியாரச் சொன்ன சாமானைக் கெடுத்துப்போட்டுச் சிரிக்கே, அவரு எப்படிட்டி பட்டம் குடுப்பாரு?"

புரிமணை

செத்த காந்தங்களை அடுக்கினேன். உயிரோடிருந்த மீதிப் பாதியை அடுக்கியபோது வந்த அதே அளவுக்குச் சூடு ஏறியது. சார் ஊக்கை வளையத்தில் வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. பிறகு நிதானமாக, "காந்தத்துக்கு ஞாபகம்னு ஒன்னு உண்டும்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே விடுதிச் சமையலறைக்குப் போனேன். பானை உருளாமல் இருக்க அடியில் வைப்பார்களே, வைக்கோல் புரிமணை, அதில் ஐந்தாறை அள்ளிக்கொண்டு வந்து குடுவையைச் சுற்றி அடுக்கினேன். "இதுக்கு என்ன ஞாபகம் இருக்கும் சார், வெளைஞ்ச சோழபுரத்து வயலா?" தெர்மாமீட்டர் காந்தத்தையும் தாண்டி ஏறியது.

சார் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். காந்தத்தை வைத்தார், எடுத்தார், வைத்தார், சட்டை முதுகோடு ஒட்டும்வரை. வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. மதுரைக்குத் தலைப்பு மாறியது: காந்தத்தால் கூடுதல் சூடு கிடைக்கவில்லை. என் ஆய்வேடும் அதுவே ஆனது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்: "புரிமணைன்னு மட்டும் எழுதிராதம்மா, நான்-மேக்னடிக் என்க்ளோஷர்னு போடு."

நிக்கலும் காந்தமும் சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று இன்றைக்கு யார் கேட்டாலும், எங்கள் கூடத்தில் பிறந்ததைத் தயங்காமல் சொல்வேன்: சண்டை.