கௌரி தின்ற வீட்டுப்பாடம்

சின்ன வகுப்பு வாத்தியார் வேலையில் ஒரு சுகம் உண்டு, நாம் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடும். ஒரு கண்டமும் உண்டு, நம்பியதை வீட்டுக்குப் போய்ச் செய்தும் பார்த்துவிடும். இரண்டாம் வகுப்பில் தொண்டை கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்த எண்பதுகளில், தளி போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். நான் நெல் விளையும் காவிரிக்கரைக்காரி. சோளம் என்ற பயிரை அதுவரை பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

கேன்டீன் சோறு

அடுத்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய்த்த பாடம் ‘தாவரங்களின் பயன்கள்’. நமக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ராகி என்றது ஒரு பிள்ளை, கீரை என்றது இன்னொன்று. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள், எனக்காகத் தமிழில் யோசித்துச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பா கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். “எங்கப்பாவுக்குச் சோறு செடியில வராது டீச்சர், கேன்டீன்ல வரும்!”

எல்லாப் பச்சையும்

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாயைவிட்டேன். “கேன்டீன் சோறும் செடியிலிருந்துதான். பச்சையாக இருப்பதெல்லாம் மாட்டுக்கோ மனுஷனுக்கோ சாப்பாடு. வீட்டில் இருக்கிற ஆடு மாட்டுக்கு ஏதாவது ஒரு தழை போட்டுவிட்டு, நாளைக்கு வந்து சொல்லுங்கள்!” அதுதான் வீட்டுப்பாடம்.

மறுநாள் முதல் பாடவேளை. சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். அகத்தி, புல், பலா இலை. மஞ்சுளா என்ற குட்டிப்பெண், “நான் வரும்போது எங்க கௌரி மாட்டுக்குச் சோளப்பயிர் போட்டேன் டீச்சர்” என்றாள். சபாஷ் என்று அதையும் எழுதிவிட்டு எல்லாரையும் உரக்கச் சொல்லச் சொன்னேன். சத்துணவு சமைக்கும் முனியம்மா விறகோடு வாசலில் நின்றுவிட்டாள். “எந்தச் சோளம்? மழயில்லாம முழங்கா ஒசரத்துல வாடி நிக்குதே, அதா?” மஞ்சுளா தலையாட்டினாள். முனியம்மா விறகைக் கீழே போட்டாள். “அய்யோ, மழ பேயற வரைக்கும் அது வெசம் டீச்சர்! மாடு செத்துப்போகும்!”

உனக்கு இது தெரியாதா என்று மஞ்சுளாவைக் கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என்னைச் சுடும். “அம்மா கூடாதுன்னுதான் சொல்லும். நீங்க எல்லாப் பச்சையும் சாப்பாடுன்னீங்க இல்ல, அதான் அம்மாவுக்குத் தெரியாம போட்டேன்.”

படுக்க விடாதீங்க

தலைமையாசிரியர் மொபெட்டில் மாட்டு டாக்டரை அழைத்துவரப் பறந்தார். நானும் முனியம்மாவும் மஞ்சுளாவை இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினோம். வாசலில் அவள் அம்மா நாகம்மா பால் குடம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் கௌரி கால் நடுங்க, வாயில் நுரை வழிய நின்றது. குந்தாரப்பள்ளி சந்தையில், நாகம்மா தன் காதில் கிடந்த தோட்டை விற்றுப் பிடித்த மாடு. அதன் பாலை ஓசூர்க் குடியிருப்புகளில் ஊற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

“தேவுரே!” என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டு நாகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் மகளை அடிக்கக் கையை ஓங்கினாள். நான் குறுக்கே போய் நின்றேன். “அவளை அடிக்காதீங்க, நான் சொன்னதைத்தான் செய்தாள்.” ஓங்கிய கை அப்படியே நின்றது. “படுக்க விடாதீங்க, பிடிங்க!” என்று முனியம்மா கத்தினாள். மூவருமாக மாட்டைத் தாங்கிப் பிடித்தோம். அதன் மூச்சு தட்டுத்தடுமாறி என் கழுத்தில் பட்டது. மொபெட் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினேன். தெரியாத கன்னடச் சாமிகளையும் விடவில்லை.

டாக்டர் வந்தார், நரம்பில் ஊசி போட்டார். வெகுநேரம் கழித்து மாட்டின் நடுக்கம் நின்றது. “இன்னும் நாலு வாய் தின்னுருந்தா நான் வந்தும் பிரயோஜனமில்ல. யார் போட்டது?” என்றார். நான்தான் என்றேன். அவர் என் கைக்கடிகாரத்தையும் கஞ்சி போட்ட சேலையையும் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

சாயங்காலம் மறுபடி போனேன். கௌரி அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாகம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “எழுத்து நீங்க சொல்லிக்குடுங்க டீச்சரம்மா. மாட்டுக்கு என்னா போடணும்னு எங்களக் கேளுங்க.”

ஆய்வு

அதிகாரி வந்தார். நேராக மஞ்சுளாவையே எழுப்பி, “தாவரங்கள் விலங்குகளுக்கு ஏன் தேவை?” என்றார். புத்தகத்தில் ஒரே வரிதான் விடை. தலைமையாசிரியர் வேர்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

மஞ்சுளா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, மிகப் பொறுப்பாகக் கேட்டாள். “எந்தச் செடி சார்? மழ பேயறதுக்கு முன்னயா, பேஞ்சப்புறமா?”

அந்தப் பாடத்தை அதன்பின் எத்தனையோ வருஷம் நடத்தினேன், ‘எல்லாம்’ என்ற சொல்லை மட்டும் நாகம்மாவைக் கேட்காமல் கரும்பலகையில் எழுதியதில்லை.