நிறைமதியின் சீட்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கார் வாங்கினால், அது தெருவுக்கே வாங்கியதாக அர்த்தம். குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் போக வண்டியை வெளியே எடுத்தால் போதும், பையும் கையுமாக ரெண்டு பேர் வந்து நிற்பார்கள். இடமில்லை என்று சொல்லிப் பாருங்கள், கார் வந்ததும் கண்ணு தெரியவில்லை என்று பேச்சு வரும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு ஆள் உட்காரும் இடத்தைக் குழந்தை சீட் ஒன்று எந்நேரமும் அடைத்துக்கொண்டிருந்தால் விடுவார்களா? என் ஓரகத்தி கவிதா அக்காவைத்தான் கேட்க வேண்டும். அவளோ பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்து போனவள். அதனால் நான் சொல்கிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ரஞ்சித்குமார் மாமா சிங்கப்பூரில் இருக்கிறார். அக்கா பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். ஹைவேயில் எங்கே அடிபட்டாலும் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். யாருக்கு என்ன ஆனது என்று அவள் வீட்டில் வந்து சொன்னதே இல்லை. சில நாள் சாப்பிடாமல் படுத்துவிடுவாள். அப்படி ஒரு நாளுக்குப் பிறகுதான் மகள் நிறைமதியையும் கூட்டிக்கொண்டு காரிலேயே திருச்சிக்குப் போய், பிள்ளையின் எடை, உயரம் சொல்லி, தன் வண்டியில் மாட்டிப் பார்த்து அந்த சீட்டை வாங்கி வந்தாள். அடுத்த தெருவில் ஒருத்தர் தங்கள் பேரனுடைய பழைய சீட்டைச் சும்மாவே தருகிறேன் என்றார். “எங்கயாச்சும் இடிபட்டிருந்தா நமக்கு எப்படிங்க தெரியும்?” என்று அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதோடு விட்டதா? சீட்டைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, புள்ளைய முதுகு காட்டி வச்சிருக்க, வாந்தி எடுக்காதா?” என்று கேட்பார்கள். முன்னால் உன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கட்டிப்போட்டு வளர்க்கிறாள் என்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கழுத்து தாங்காது, முன் சீட்டில் ஏர்பேக் வெடித்தால் போச்சு என்று முதலில் ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னாள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். தினமும் பிள்ளையை உட்கார வைத்து, தோள்பட்டை வாரை இழுத்து, வாருக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பாள்.

போன தையில் நிறைமதிக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்தோம். குலதெய்வம் ஜெயங்கொண்டம் பக்கம். மற்றவர்கள் வேனில் போய்விட்டார்கள். காரில் அக்கா, முன்னால் நான், பின்னால் எங்கள் நாத்தனார் சுமதி அண்ணி, சின்ன மாமனார் மாயவன், பிள்ளை. சுமதி அண்ணி வீட்டுக்கு மூத்தவள். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. புறப்படும்போதே தகராறு. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை போட்டு, மேலே கனமான ஜாக்கெட்டும் மாட்டிவிட்டிருந்தாள் அண்ணி. அவ்வளவு துணி இருந்தால் வார் உடம்பில் படியாது என்று அக்கா எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய கவுன் ஒன்றைப் போட்டுவிட்டாள். கோயிலில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

“நல்ல நாளும் அதுவுமா இந்தக் கவுனையா போடுவ? இன்னிக்கித் தாய்மாமன் மடியில குந்தப்போற புள்ள, வழியில அத்தை மடியில குந்துனா தேஞ்சா போயிடும்?” என்று அண்ணி அரியலூர் தாண்டும்வரை முனகிக்கொண்டே வந்தாள். அக்கா ரோட்டையே பார்த்து ஓட்டினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

காரியமெல்லாம் நல்லபடி முடிந்தது. திரும்பும்போதுதான் கஷ்டம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து இழுக்க, காது வலிக்க, நிறைமதி வீறிட்டு அழுதாள். அப்படி ஒரு அழுகை. அண்ணி மடியில் பொங்கல் குண்டா, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க. “குண்டாவ இந்தா சித்தப்பா புடிங்க. கவிதா, வண்டிய நிறுத்து. புள்ளைய நான் எடுத்துக்கிறேன்.”

அக்கா ஓரங்கட்டினாள். இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். முகமெல்லாம் வேர்த்து, கண்ணெல்லாம் சிவந்து பிள்ளை அம்மாவை நோக்கிக் கையை நீட்டியது. அக்காவின் கை வாரின் பூட்டு வரைக்கும் போனதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அவள் அவ்வளவு களைத்திருந்தாள். பிறகு பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, அண்ணியிடம் தராமல் தானே இடுப்பில் வைத்துச் சமாதானம் செய்து, மறுபடி உட்காரவைத்து வாரை இழுத்துவிட்டாள். வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தது.

“அழுவட்டும் அண்ணி. வூட்டுக்குப் போயி தூக்கிக்கலாம்.”

“நீயெல்லாம் ஒரு தாயா? நான் என்ன புள்ளையக் கீழயா போட்டுடுவேன்? இந்தக் கையில எத்தன புள்ளைய வளத்திருக்கேன்!”

அண்ணி குண்டாவை மறுபடி தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அக்கா வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் அவள் கண் நிறைந்திருப்பது தெரிந்தது. அரியலூர் தாண்டியது. முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. எங்கிருந்தோ ஆடுகள் குறுக்கே ஓடின. லாரிக்காரன் அப்படியே நிறுத்தினான். அக்காவும் பிரேக்கை மிதித்தாள்.

இடிக்கவில்லை. ஆனால் அண்ணி மடியிலிருந்த குண்டா எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவே பறந்து வந்து டேஷ்போர்டில் மோதியது. என் தலை, புடவை, கண்ணாடி எல்லாம் சர்க்கரைப் பொங்கல். மாமனார் முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி நெற்றி புடைத்துவிட்டது, அவள் புடவையிலும் பொங்கல். பிள்ளை ஒரு நொடி அழுகையை நிறுத்தி, திரும்பவும் ஆரம்பித்தது. உட்கார வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அண்ணியின் ரெண்டு கையும் குண்டாவைப் பிடித்த மாதிரியே மடிமேல் வளைந்து நின்றன.

“இறுக்கித்தான் புடிச்சிருந்தேன் மணி,” என்றாள் என்னிடம். “ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்.”

சொல்லிக்காட்ட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அக்காவோ பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள், எல்லோரையும் பெல்ட் போடச் சொன்னாள், வண்டியை எடுத்தாள். பெரம்பலூர்வரை நிறைமதி அழுத அழுகை மட்டும்தான் கேட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் தெருக் குஞ்சம்மாள் அக்கா காய்கறிப் பையோடு கையைக் காட்டி வண்டியை மறித்தாள். “வூட்டுக்குத்தான போறீங்க? புள்ளையக் கழட்டி மடியில வச்சிக்கிட்டு, அந்தச் சீட்ட டிக்கியில போட்டா நானும் ஒட்டிக்குவேன்.”

கவிதா அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி அண்ணியின் குரல் கேட்டது.

“அதத் தொடாத. அது புள்ள எடம். நீ என் எடத்துல குந்து, நான் பஸ்ல வரேன். சித்தப்பா, கொஞ்சம் எறங்குங்க.”

இறங்குவதற்கு முன் அண்ணி பிள்ளைப் பக்கம் சாய்ந்தாள். அழுது அழுது தூங்கிப்போயிருந்தது. தோள்பட்டை வாருக்கு அடியில் தன் விரலை மெல்ல விட்டுப் பார்த்தாள். புடவையெல்லாம் பொங்கலோடு பஸ்ஸை நோக்கி நடந்து போனாள்.

அக்கா வண்டியை எடுக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். சீட் வாங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்த அழுகை அது.

“என்னடி ஆச்சு, எதுக்கு அழுவுறா இவ?” என்றாள் குஞ்சம்மாள்.

“பேசாம பெல்ட்டப் போடுங்க,” என்றேன்.