வாசலுக்கு நேரே உள்ள மேசை

மேசையைத் துடைத்ததற்காக ஒரு பெண்ணை நான் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் மகளை விடுகிற குழந்தைகள் காப்பகம் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு மேலூரில் வேலை. பஸ்ஸுக்கு ஓடுமுன் கேட்டில் நின்று அவளை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகவே வாசலுக்கு நேரே உள்ள மேசையில் இடம் கேட்டு வாங்கியிருந்தேன். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. இட்லியைத் தட்டில் வைத்தால் மேசையில் தேய்த்து, அதை நக்கித்தான் தின்பாள்.

போன வருடம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் கிருமிநாசினி கோட்டிங் பேச்சு வந்தது. ஒருமுறை அடித்தால் மூன்று மாதத்துக்கு மேசையில் ஒரு கிருமியும் தங்காதாம். அடித்தே ஆக வேண்டும் என்று குதித்தவள் நான்தான். முகமூடி போட்ட ஒருவர் வந்து அடித்துவிட்டு, “ஈரத்துணியே படக்கூடாது மேடம், சோப்பு பட்டா கோட்டிங் போயிரும்” என்றார். அவர் தந்த சான்றிதழைக் காப்பகம் நடத்தும் அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

கோட்டிங் அடித்த மறுநாள் காலை அங்கே வேலை பார்க்கும் ஆயாக்கா சோப்புத் தண்ணீர் வாளியோடு அந்த மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன தடவ சொல்றது? அம்புட்டும் வீணாப் போகுது!” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“சரி தாயி” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது வாரம் என் மகளுக்கு வாந்தி பேதி. அதே மேசையில் உட்காரும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படியே. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. நரம்பு கிடைக்காமல் அந்தப் பிஞ்சுக் கையில் நாலு இடத்தில் குத்தினார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கோட்டிங்காரருக்குப் போன் போட்டேன்.

“மேல அழுக்கு படிஞ்சா கோட்டிங் வேலை செய்யாது மேடம். தினமும் க்ளீன் பண்ணணும்.”

“ஈரத்துணி படக்கூடாதுன்னு சொன்னது யாருய்யா?”

“அதுக்கு எங்க லிக்விட் தனியா இருக்கு.”

“புள்ளைக நக்குனா ஒண்ணும் ஆகாதா?”

“மேசைய யாரு மேடம் நக்கப் போறா?”

அடப்பாவி! குழந்தைகள் காப்பகத்துக்கு மருந்தடிக்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் போனை வைத்துவிட்டான். அடிப்பதற்கு முன்னால் இதைக் கேட்க எனக்கு எங்கே போனது புத்தி?

மகளை மறுபடி அழைத்துப்போன அன்று ஆயாக்காவிடம், “இனிமே நல்லா சோப்பு போட்டே தொடைங்கக்கா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் நிறுத்தவே இல்ல தாயி. யாருக்கும் தெரியாம தெனமும் எல்லா மேசையும் தொடச்சேன். வாசல்ல நின்னாத் தெரியுற மேசைய மட்டும் விட்டுட்டேன். ஈரத்தப் பாத்தா ஏசுவீகளேன்னு.”

என் மகள் அதற்குள் ஓடிப்போய் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.