ஊற்றில் வைத்த கால்

வேலூருக்குக் குடிவந்த முதல் வருஷத்தை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிவிடும். ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் நானேதான் போய் மாட்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே அன்னியரிடம் எனக்கு வாய் வராது. காவிரிக்கரையில் எங்கள் கிராமத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அங்கே யாரையும் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

எட்டாவது வரை படித்த எனக்கு, தூரத்து உறவினர் ஒருவர் வேலூரில் ஆவாரம்பட்டை மண்டியில் எடை பார்க்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அந்தப் பட்டை இல்லாமல் ஒருநாளும் ஓடாது. கணியம்பாடிப் பக்கமிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். முதலாளி சாயபு. அதனால் மண்டிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரெல்லாம் வேலையாக இருக்கும் அந்த நாளில் நான் மட்டும் தெருத் தெருவாக நடப்பேன். கோட்டை அகழியைச் சுற்றி வருவேன். பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிராமத்து வண்டிகள் அவிழ்த்துக் கிடப்பதைப் பார்ப்பேன். யாரும் என்ன வேண்டும் என்று கேட்டுவிடக் கூடாதே என்று, எங்கோ அவசரமாகப் போகிறவனைப் போலவே நடப்பேன். கூட்டமான தெரு வந்தால் சந்தில் திரும்பிவிடுவேன். இப்படிப் பாதி ஊர் எனக்குக் கொல்லைப்புறமாகத்தான் பழக்கமாயிற்று.

ஆனியில் வந்தோம். ஆடி முதல் வெள்ளிக்கிழமை என் மனைவி, கோட்டைக்குள் கோபுரம் தெரிகிறதே, கூட்டிப்போங்கள் என்றாள். கூறைப்புடவை கட்டி, தட்டில் தேங்காய், பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டாள். நான் முன்னால் வழி தெரிந்தவன் மாதிரி நடந்தேன். உள்ளே தூண்களெல்லாம் அழகு. கருவறைக்குப் போனால் வெறும் இருட்டு. வௌவால் வாடை. பின்னாலேயே வந்த காவல்காரர், அவள் தட்டைப் பார்த்துவிட்டு, “சாமி இல்லம்மா. எங்க தாத்தா காலத்துலயே இல்ல. தேங்காயை வேணா எனக்கு ஒடைச்சுட்டுப் போ,” என்றார்.

வெளியே வந்து அவள் சிரித்தாள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாசியில் நடந்ததற்கு அவள் சிரிக்கவில்லை.

மாசி மகத்தன்று எங்கள் பக்கத்தில் ஆற்றில் இறங்காதவர் கிடையாது. பாலாற்றை நான் அதுவரை ஒரே முறை, ஐப்பசி மழையில், தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு என்றால் அதில் தண்ணீர் இருக்கும் என்பதை ஒருவரிடம் விசாரிக்க வேண்டுமா? விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை மணல். வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டேனோ என்று சந்தேகமாகிவிட்டது. மணலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அடியில் பளிங்கு மாதிரித் தண்ணீர். இவ்வளவாவது கிடைத்ததே என்று உள்ளே இறங்கினேன். முகம் கழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு காலையும் ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவினேன். தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு கண்ணை மூடிக் காவிரியை நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது எதிரே இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நல்லா தேச்சுக் கழுவிக்கய்யா,” என்றாள். “எங்க வூட்டுப் பசங்க அதைத்தான் குடிக்கணும்.”

அந்த ஊர் வழக்கத்தை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கோடை நெருங்கினாலே தெருக்குழாயில் தண்ணீர் குறைந்து, பிறகு காற்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆற்று மணலில் ஓர் இடத்தில் ஊற்று தோண்டுவார்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும் வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அந்த அம்மாள் தெளியட்டும் என்று விட்டுவிட்டு, கரையில் வைத்திருந்த குடத்தை எடுக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில்தான் நான் இறங்கியிருக்கிறேன். பரிமாறி வைத்த இலையில் ஏறி நின்றவனும் நானும் ஒன்றுதான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். எனக்கு நாக்கு எழவில்லை. ஈரக்காலில் மணல் அப்பியது அப்பியபடியே வேகமாக நடந்து வந்துவிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. சாயங்காலம் மண்டியிலிருந்து திரும்பும்போது எதிர்வீட்டு வாசலில் அதே அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக எதிரெதிர் வீட்டில் இருந்திருக்கிறோம். நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, அவள் முகம்கூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

மனைவிக்கு விஷயம் குழாயடியில் தெரிந்தது. எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே ஒரு குடம் தண்ணியோட போய் அந்த அக்காகிட்ட பேசியிருப்பேனே என்றாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பங்குனியில் குழாய் அடியோடு வற்றியது. அவளும் குடத்தோடு ஆற்றுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் சொன்னாள். ‘கால் கழுவினவர் வூட்டம்மா.’ எங்கே தோண்டலாம் என்று அவள் கேட்டதற்கு, எதிர்வீட்டு அம்மாள், “உங்க வூட்டுக்காரர் கால் படாத எடமா பாத்துத் தோண்டிக்கோ,” என்றிருக்கிறாள். சுற்றியிருந்தவர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் எல்லோரையும் தாண்டித் தொலைவில் ஓர் இடத்தில் கையாலேயே தோண்டி, வெயில் ஏறிய பிறகு வந்தாள். தோல் துருத்தியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் ஆள் ஒருவர் சாயபுமார் தெருவில் இருந்தார். அந்தத் தண்ணீர் துணி துவைக்கச் சரி, குடிக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“அப்பா வந்து பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவார். போறேன். திரும்பி வர்றதைப் பத்தி இப்ப ஒண்ணும் கேக்காதீங்க.”

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கைவந்த காரியம் ஆயிற்றே. ஆனால் அதற்குப் பிறகு மண்டியில் தராசைப் பிடித்து நிற்கும்போதெல்லாம், அவள் இல்லாத அந்த வீட்டுக்கு நான் தனியாகத் திரும்புவது போலவே இருக்கும்.

சித்திரையில் ஒருநாள் நிறைகுடத்தோடு மணலில் சறுக்கி முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் குடத்தை நான் எடுத்தேன். எங்கள் தெருவில் ஆண்பிள்ளை யாரும் குடம் தூக்கியதில்லை. யார் கண்ணிலும் படாமல் கருக்கலிலேயே போய் வந்துவிடலாம் என்பது என் திட்டம். ஊற்று என் வசதிக்குச் சுரக்குமா? குடம் நிறைவதற்குள் பளபளவென்று விடிந்துவிட்டது. பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி, “தோள்ல வச்சா வலிக்கும்ணா, இடுப்புல வச்சுக்கோ,” என்றாள். இன்னொருத்தி என் காலைக் காட்டி ஏதோ சொல்ல, ஒரே சிரிப்பு. நிறைகுடத்தோடு சந்துகளில் புகுந்து வரவும் முடியாது. இடித்துக்கொண்டு தண்ணீர் சிந்தும். அகலமான தெருவிலேயே, கடைக்காரர்களெல்லாம் பார்க்க, சட்டை நனைய நனைய வந்தேன். ஒருநாள் எங்கள் மண்டிச் சாயபுவே ஜட்காவில் எதிரே வந்தார். சலாம் போடக் கை ஒழியவில்லை.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். மாமனார் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தவர், முன்னாலேயே ஒரு விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டார். நான் வீட்டில் இல்லை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு மனைவி, ஆற்றுக்குப் போயிருக்கிறார் என்றிருக்கிறாள். தினம் காவிரியில் முழுகி எழுந்து பழகிய மனிதர். குளிக்கத்தான் போயிருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டு, அவள் மேற்கொண்டு சொல்வதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு வழி விசாரித்து வந்துவிட்டார்.

எங்கள் ஊற்றில் குனிந்து மொண்டுகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, தூரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் எதிர்வீட்டு அம்மாளின் ஊற்றின் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. அந்த அம்மாள் திரும்பி நின்று குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தேன், மாமனார். ஓடிப் போய்த் தடுக்கத் தூரம் அதிகம். ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

“மாமா, கால வைக்காதீங்க! அது குடிக்கிற தண்ணி!”

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஆற்றில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மாமனார் தூக்கிய காலோடு அப்படியே நின்றார். பெண்களுக்கு நடுவில் அதட்டல் வாங்கிய கோபம் ஒரு பக்கம். அதட்டிய மாப்பிள்ளை குடமும் கையுமாக நிற்கிறான் என்பது இன்னொரு பக்கம். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் மணலுக்குள்ளேயே போயிருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பத்தடி முன்னால் நடந்தார். நான் பின்னால், தோளில் குடம்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம்தான் பேசினார். கால் நனைக்க வழியில்லாத ஊர், கட்டியவன் பெண்பிள்ளை வேலை செய்கிறான், இங்கேயா என் பேரப்பிள்ளை வளர வேண்டும் என்றார். அவள் அங்கேயே இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு இஷ்டமிருந்தால் அங்கே வந்து ஏதாவது வேலை பார்க்கட்டும் என்றார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நீ திரும்பி வர வேண்டும் என்று அவளிடம் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆற்றில் வந்த குரல் அங்கே வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் அதிகம் வெட்கமாக இருக்கிறது. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அந்தக் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அப்பாவிடம் கொடுத்தாள். அவர் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஜட்கா வந்தது. மாமனார் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் மூட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறப் போனவள், என்ன நினைத்தாளோ, தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள்.

“அக்கா, என் ஊத்து எடத்த வேற யாருக்கும் விட்டுடாதீங்க. கொழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் வந்துடுவேன்.”

“நான் ஏன் பாக்கணும்?” என்றாள் அந்த அம்மாள். “உங்க வூட்டுக்காரரே காவலுக்கு உக்காரட்டும். எவன் கால வச்சாலும் கூவத் தொண்டை இருக்குதே.”

ஜட்காவுக்குள் மாமனார் தொண்டையைச் செருமினார். சிரிப்பா கோபமா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

சொன்னபடியே பிள்ளையோடு வந்தாள். அந்தத் தெருவிலேயே இன்றுவரை இருக்கிறோம். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, தெருப் பையன்கள் அவனைக் கால் கழுவினவர் பிள்ளை என்று கூப்பிடுகிறார்களே, ஏன் என்று ஒருநாள் என்னிடம் வந்து கேட்டான். உங்கம்மாவைக் கேள் என்று சொல்லிவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டேன்.