பாத்துப் போ

என் மகள் இந்தக் குளிர்காலம் பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்ட் பழக வேண்டும் என்கிறாள். நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வது சரியா என்றும் தெரியவில்லை. அந்தப் பலகையைக் கண்டாலே ஒரு பனிச்சரிவின் அடியில் அம்மா நிற்பதுதான் எனக்குக் கண்முன் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. கனடாவில், மொன்றியலில் எங்கள் பள்ளிக்கூடம், நகரத்துக்கு வடக்கே இருந்த ஒரு சறுக்குமலைக்குப் பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனது. துணைக்குத் தாய்மார் வரலாம் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவர் அம்மா. பனியை ரசிக்க அல்ல, என்னைக் காவல் காக்க. இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணாவும் அதே பேருந்தில் வந்தான், அம்மாவை முன்பின் தெரியாதவன் போல.

சறுக்கச் சொல்லித்தந்த பெண்ணுக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். திருப்பம் காலில் அல்ல, கண்ணில்தான் தொடங்கும் என்றாள். போக வேண்டிய பக்கத்தைப் பார்க்க வேண்டும். தோள் தானாகத் திரும்பும். பாரத்தை முன்காலில் போட்டு விரல்களை அழுத்தினால் பலகையின் விளிம்பு பனியைக் கடித்துத் திரும்பிவிடும். பயந்து பின்னுக்குச் சாய்ந்தால் மட்டும் பலகை நேரே கீழே ஓடும்.

“என்னவாம்?” என்று அம்மா கேட்டார்.

“பாக்கட்டாம்.”

“அதைத்தானே நானும் காலமையில இருந்து சொல்லுறன், பாத்துப் போ எண்டு!”

அம்மா அந்தப் பெண்ணை நோக்கி நன்றியோடு தலையாட்டினார். அவளும் சிரித்துத் தலையாட்டினாள். தாங்கள் சொல்வது ஒன்றுதான் என்று இருவரும் நம்பினார்கள்.

குதிகாலை அழுத்தி எடுத்த முதல் திருப்பம் எப்படியோ வந்துவிட்டது. அடுத்ததற்குச் சரிவுக்கு முதுகைக் காட்ட வேண்டும். பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் உடம்பை ஒப்படைக்க வேண்டும். பாரம் பின்காலுக்குப் போனது. பலகை நேரே ஓடத் தொடங்கியது.

“பிள்ளை, பாத்து! பாத்து!”

குரல் வந்த பக்கம் பார்த்தேன். முன்னுக்குச் சாய்ந்து அம்மாவை நோக்கிக் கையை நீட்டினேன். பலகை அழகாகத் திரும்பியது. அன்றைக்கு நான் பிழையில்லாமல் எடுத்த திருப்பம் அதுதான்.

ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் கயிற்றின் இரும்புத் தூணுக்கு முன்னால் அம்மா நின்றார். விலகச் சொல்லி அந்தப் பெண் கத்தினாள். அம்மா விலகாமல் கைகளை விரித்தார். இருவரும் தூணோடு போய் மோதி விழுந்தோம்.

பனிக்குள் கிடந்தபடியே அம்மா என் வாயைத் திறந்து பார்த்தார். “பல்லெல்லாம் இருக்கோ?”

அண்ணா மூச்சிரைக்க ஓடிவந்தான். “நீங்கள் இதில நிக்காட்டி இவள் இங்கால வந்திருக்கவே மாட்டாளம்மா!”

“நான் நிக்காட்டித் தூணல்லோ இவளைப் பிடிச்சிருக்கும்!”

திரும்பி வரும்போது பேருந்தில் என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிடும்படி அம்மாவிடம் சொன்னேன். “அண்ணாவைக் கேள்” என்றார். அவர் மேல் சாய்ந்தேன், தள்ளி உட்கார்ந்தார். இடது கையைக் கோட்டுப் பையை விட்டு எடுக்கவேயில்லை. எல்லோருக்கும் முன்னால் அவரை விழுத்தியதால் கோபம் என்று நினைத்து, யன்னல் பக்கம் திரும்பி வீடு வரை அழுதேன். மணிக்கட்டு முறிந்த ஒருவரால் அவ்வளவு தூரம் சத்தம் போடாமல் வர முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.