என்னைப் பற்றி ஒரு பக்கம்

எழுது என்பாள். எழுதினால் வாசி என்பாள். வாசித்தால் "போறாது" என்பாள். எங்கள் வலியசாலை வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வருஷம் முழுக்க நடந்தது இவ்வளவுதான். இதில் வேடிக்கை, அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. வேடிக்கை என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்கள் காலேஜுக்கு அந்தச் சமயம் புதிதாக ஒரு துரைசானி பிரின்சிபாலாக வந்திருந்தாள். மார்க்கு மட்டும் போதாதாம். சேர விரும்புகிற ஒவ்வொரு பெண்ணும் தான் யார், எதற்காகப் படிக்க ஆசைப்படுகிறாள் என்று தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடிக்கிறபோதே டீச்சர் இதைச் சொல்லிவிட்டாள். சேருவதற்கு இன்னும் ஒரு வருஷம் கிடந்தது. சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா என்னைப் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு தேங்காயை ஓங்கி உடைத்தாள். எழுத்து நல்லபடியாக முடிந்ததும் ஒரு சாக்குத் தேங்காய் உடைப்பதாக, வாசலில் பூ விற்கிறவளுக்கும் கேட்கும்படி உரக்க வேண்டிக்கொண்டாள். பரீட்சைக்குக்கூட அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஒரே ஒரு பக்கத்துக்கா? வெட்கத்தில் என் காது சுட்டது.

அப்பாவுக்கு வேறு அவசரம். ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவரின் மருமான், நாகர்கோவில் பையன், வக்கீலுக்குப் படிக்கிறான். அவன் ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்கோ காலேஜ் வேண்டும். அந்தப் பக்கத்தைச் சட்டென்று எழுதி நீட்டிவிட்டால் இடம் கிடைத்துவிடும், ஜாதகம் வந்த வழியே போய்விடும் என்று நம்பினேன். நடுவில் அம்மா நந்தி மாதிரி படுத்துக்கொண்டாள். நேர்ந்துகொண்டதை முடிக்காமல் வீட்டில் இன்னொரு சுபகாரியத்துக்கு வாய் திறப்பது எங்கள் வழக்கமில்லை. அப்பா இந்த விஷயத்தில் கச்சேரிச் சட்டத்தைவிடக் கண்டிப்பானவர். "எழுத்து முடிஞ்சாச்சோ?" என்று அடிக்கடி என்னைக் கேட்பார். நானா முடிக்க மாட்டேன் என்றேன்?

முதலில், மரியாதையுள்ள குடும்பத்தில் பிறந்த பணிவான பெண் நான் என்று தொடங்கி எழுதினேன். இங்கிலீஷில் வாசித்து, தமிழிலும் சொன்னேன்.

"குடும்பப் பெருமை என்னத்துக்காக்கும்? அந்தத் துரைசானி மாமி நம்மாத்துக்குச் சம்பந்தம் பேசவா வரா? போறாது."

அடுத்தது, கல்வி என்னும் மகாசமுத்திரத்தில் மூழ்கி முத்தெடுக்க விழைகிறேன் என்று.

"சமுத்திரமா? சங்குமுகத்திலே அலை வந்தா பாவாடையைத் தூக்கிண்டு ஓடறவ நீ. எந்தச் சமுத்திரமடி? போறாது."

ஓணம் வந்தது, போயிற்று. ஐப்பசியில் துலா மழை வந்தது. மையும் காகிதமும் கரைந்தன. நான் தூங்கும்போதுகூட என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இந்த "நான்" என்பவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு மத்தியானம், போகட்டும் என்று மனசில் இருந்ததையே எழுதிவிட்டேன். முற்றத்துக் கல்தொட்டியில் மழைத்தண்ணீர் நின்றால் புழுக்கள் துள்ளும். சில நாளில் அவை தோலை உதறிவிட்டுக் கொசுவாகப் பறந்துவிடும். நான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். தண்ணீருக்குள் இருந்த புழுவுக்குச் சிறகு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் போய் வேலையைப் பார் என்கிறார்கள். அதைச் சொல்லித்தருகிற இடம் இந்த ஊரில் இருந்தால் நான் அங்கே போக வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா அரிவாள்மணையில் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்தேன். அவள் கை நின்றிருந்தது. என்னை அப்போதுதான் பெற்றவள் மாதிரி பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கூடத்தில் பையனின் மாமா உட்கார்ந்திருந்தார்.

"அவர் இன்னிக்கு ஒரு பதில் கேக்கறார். எழுத்து முடிஞ்சாச்சோ?"

"முடிஞ்சாச்சு அப்பா!" என்றேன்.

"எங்கே முடிஞ்சது?" என்றாள் அம்மா, மறுபடி சேனையில் கையை வைத்து. "கொசுவாம், புழுவாம். எழுதற லட்சணமா இது? இன்னும் எவ்வளவோ கிடக்கு, கேட்டேளா."

நான் காகிதத்தைச் சுக்கலாகக் கிழித்தேன். "உனக்கு என்ன தெரியும்? ஏ, பி, சி தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதான் உன்னை எழுதுன்னு சொல்றேன்."

கூடத்தில் இருந்தவர் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, அவர்களால் சித்திரைக்கு மேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா பிள்ளையாரையும் மீற முடியாமல், அம்மாவையும் மீற முடியாமல், விசிறியை எடுத்து அசுர வேகத்தில் வீசிக்கொண்டார்.

அப்புறம் மாசக்கணக்கில் எதை எழுதினாலும் போறாதுதான். எனக்கும் வீம்பு ஏறியது. இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதை ருசுப்படுத்தியே தீருவது என்று, கிழித்துப் போட்ட அந்தக் கொசுவையும் புழுவையும் ஒரு வார்த்தை மாறாமல் நினைவிலிருந்து எழுதி வைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்ததும் நாகர்கோவிலிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. அந்தப் பையனுக்கு வேறு பெண். அப்பா படித்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று சாயங்காலம் அம்மா தானே கூப்பிட்டு, "வாசி" என்றாள். அந்தப் பழையதை அப்படியே வாசித்தேன், தமிழிலும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"இப்போ சரியாயிருக்கு. இதை அனுப்பு."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் புழக்கடைக்கு ஓட வேண்டியிருந்தது. அகப்பட்டுக்கொண்டாள்! கிழிக்க வைத்ததும் இதைத்தான், நல்லது என்றதும் இதைத்தான். காலேஜில் சேர்ந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணோடு சிநேகம் பிடிக்க நான் சொன்ன முதல் கதையே இதுதான். எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது, சுத்த அசடு என்றேன். இருவரும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மிஸ் எங்களை எழுப்பி நிற்கவைக்கும்வரை சிரித்தோம்.